பவளத் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, தலவாக்கலையிலிருந்து



ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன் தன் தொட்டியில் வெளுத்துப்போன பவளம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, "மாமா, இது என்ன பூச்சி?" என்று கேட்டான். அதில் வந்த வினை இது. அவனுடைய கூட்டாளிகள், அந்தக் கூட்டாளிகளின் கூட்டாளிகள் என்று இப்போது லண்டன், சிட்னி வரை எனக்குப் படங்கள் வருகின்றன. நானோ தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பவளத்துக்கு வைத்தியம் சொல்கிறேன் என்று வீட்டில் ஒரே சிரிப்பு. ஆனாலும் நீங்கள் கேட்கக் கேட்க, கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். வாசித்ததில் பாதி எனக்கு முன்பே தெரிந்த சங்கதியாக இருந்தது, செடிதான் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லோருக்குமாக இந்த மடல்.

முதலில் ஒரு குறை. நீங்கள் அனுப்பும் படங்களில் பலவற்றோடு "நேற்றே மருந்து போட்டுவிட்டேன்" என்ற வரியும் சேர்ந்து வருகிறது. என்ன நோய் என்று தெரியாமல் எந்த மருந்தைப் போட்டீர்கள்? தோட்டத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் ஒரு பெரிய கதையே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், பார்ப்பது எப்படி என்று பேசுவோம்.

வெள்ளை என்று எழுதுகிறீர்கள். எந்த வெள்ளை? பவளத்தில் இரண்டு வெள்ளை உண்டு. ஒன்று வெளிறல். பவளத்தின் இழையத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். இழையம் கண்ணாடி மாதிரி நின்று, கீழே உள்ள சுண்ணாம்புக் கூடு தெரியும். பவளம் அப்போது சாகவில்லை. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் சின்னச் சின்ன உணர்கொம்புகள் தெரியும், மேலே ஒரு வழுவழுப்பு இருக்கும். இன்னொன்று இழைய இழப்பு. அங்கே இழையமே கிடையாது. வெறும் கூடு, அதன் குழிகளின் விளிம்புகள் கூர்மையாக, தேய்த்துக் கழுவியதுபோல இருக்கும். சந்தேகமாக இருந்தால் சில நாட்கள் பொறுங்கள்: வெறுங்கூட்டின்மேல் பச்சையோ பழுப்போ ஒரு பாசிப்படலம் ஏறிவிடும். உயிருள்ள வெளிறலின்மேல் அது அவ்வளவு சுலபமாக ஏறாது. முதலாவதற்கு வெப்பம், வெளிச்சம், தண்ணீரின் சத்து இவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குத் தின்றது யார், அல்லது அழுகியது எதனால் என்று தேட வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு ஒரே போத்தலைத் தூக்குவதில்தான் பாதிச் சங்கடம் தொடங்குகிறது.

எங்கள் மலையிலும் இது உண்டு. வறட்சிக் காலத்தில் பாதையில் நின்று பார்த்தால் ஒரு நிரை முழுக்கச் சிவந்து கிடக்கும். பொட்டாசியக் குறையிலும் முற்றிய இலை கருகும், சிவப்புச் சிலந்திப் பூச்சியிலும் முற்றிய இலைதான் நிறம் மாறும். தூரத்தில் இரண்டும் ஒன்று. கிட்டப் போய் இலையைக் கையில் எடுத்தால், பொட்டாசியம் குறைந்த இலை ஓரத்திலிருந்து கருகி உள்ளே வரும்; சிலந்தி பிடித்த இலையின் மேற்பரப்பு செம்புக் கறை படிந்ததுபோல் இருக்கும், வில்லைக் கண்ணாடியில் பூச்சியே ஓடுவது தெரியும். ஒன்றுக்கு உரம், மற்றதற்கு மருந்து. மாற்றிப் போட்டால் காசும் போய் மலையும் போகும்.

அடுத்தது எல்லைக்கோடு. செத்த இடத்தைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், அங்கே சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. உயிருள்ள இழையமும் வெறுங்கூடும் சந்திக்கும் கோட்டைக் காட்டுங்கள். அந்தக் கோடு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறதா, கிழித்ததுபோல ஒழுங்கில்லாமல் இருக்கிறதா? அடியிலிருந்து மேலே ஏறுகிறதா, நுனியிலிருந்து இறங்குகிறதா? நடுவில் வட்ட வட்டமாகப் புள்ளிகளா? கோட்டின்மேல் பழுப்புச் சளி உண்டா? கூடும் சேர்ந்து பெயர்ந்திருக்கிறதா? கூடும் பெயர்ந்திருந்தால் கடித்தது மீனாகத்தான் இருக்கும். கடலில் கிளிமீன் அப்படித்தான் சுரண்டும். இழையம் மட்டும் போய்க் கூடு முழுசாக இருந்தால் நத்தை, புழு, நோய் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கோட்டின் வேகத்தையும் குறித்து வையுங்கள். அக்ரோபோரா வகைக் கிளைப்பவளம் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தோலுரிந்து விழுந்தால் அது வேகமான இழைய அழிவு. அங்கே பூச்சி தேடிப் பொழுதை வீணாக்க வேண்டாம். எந்தப் புழுவும் ஒரே இரவில் ஒரு முழுப் பவளத்தைத் தின்று தீர்க்காது. பவளத்தை உண்ணும் முட்கிரீட நட்சத்திர மீன் கடலில் அப்படிச் செய்யும். உங்கள் தொட்டியில் அது இருந்தால் கண்ணுக்குத் தப்பாது. வேகமான அழிவென்றால் முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. காரத்தன்மை ஏறி இறங்கியதா, சூடேற்றி கெட்டுப்போனதா, புதிதாக எதையாவது ஊற்றினீர்களா? காரத்தன்மை குறைந்துவிட்டதென்று பதறி ஒரே நாளில் தூக்கிவிட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பவளத்துக்கு எண் எட்டா பத்தா என்பதைவிட, ஒரே பொழுதில் எட்டு பத்தாவதுதான் ஆபத்து. இதற்கு மருந்து கிடையாது. கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, முழு உயிரோடு இருக்கும் கிளை நுனிகளை வெட்டி வேறிடத்தில் ஒட்டிக் காப்பாற்றப் பாருங்கள்.

அடியிலிருந்து வாரக்கணக்கில் மெதுவாக ஏறும் அழிவு வேறு. நீரோட்டம் எட்டாத, நிழல் விழும் அடிப்பகுதியில் அது தானாகவும் தொடங்கும், புழுவாலும் தொடங்கும். இங்கேதான் துப்பறிய வேண்டும்.

அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப் புழுவைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொட்டிக்காரர்களின் பவளங்களில் தொல்லை கொடுத்து, அதன்பிறகு 2011இல்தான் விஞ்ஞானிகள் அதற்கு முறையாகப் பெயர் வைத்தார்கள். தான் தின்ற பவளத்தின் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும், அதனால் கண்ணெதிரே ஒட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. தெரிவது அது விட்டுப்போன அடையாளம்: வெளிர்ந்த சின்ன வட்டங்கள். கிளையின் அடியில், இழையம் போன வெறுங்கூட்டின்மேல், பொன்பழுப்பு நிறத்தில் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். ஒரு பீச்சாங்குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கிளையின்மேல் வேகமாகப் பீச்சுங்கள். கழன்று மிதப்பது புழு.

கவனியுங்கள்: நீங்கள் முக்கும் மருந்துநீர் புழுவைத்தான் உதறும், முட்டையை ஒன்றும் செய்யாது. தண்ணீரின் வெப்பத்தைப் பொறுத்து முட்டை பொரிய ஒன்றரை வாரமோ மூன்று வாரமோ ஆகலாம். ஒருமுறை முக்கிவிட்டுத் தொட்டிக்குள் திருப்பி வைத்தவர்கள் அடுத்த மாதம் எனக்குப் புதுப் படம் அனுப்புகிறீர்கள். முட்டை இருக்கும் அடிப்பகுதியை வெட்டி எறிந்து, மிச்சத்தைப் புதுக் கட்டையில் ஒட்டி, வாரத்துக்கு ஒருமுறை என்று சில வாரமாவது திரும்பத் திரும்ப முக்க வேண்டும். அதையும் தனித் தொட்டியில் வைத்துத்தான்.

மொண்டிபோராப் பவளத்துக்கு வேறு எதிரி: சில மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக, முதுகெல்லாம் இறகு முளைத்ததுபோன்ற ஓடில்லாத கடல்நத்தை. பவளத் தகட்டின் அடிப்பக்கத்தில் தின்னும், அங்கேயே முட்டையிடும். தொட்டி வணிகத்தில் வெகுகாலமாகத் தொல்லை கொடுத்த இதற்கும் 2020இல்தான் விலங்கியல் பெயர் கிடைத்தது. தகட்டைத் திருப்பிப் பார்க்காமல் மேலே மட்டும் படம் எடுத்து அனுப்பினால் நான் என்ன செய்ய? கொழுந்து எடுக்கும் பெண்களிடம் படித்த பாடம் இது. மலையில் எந்த நோயையும் முதலில் கண்டவர்கள் அவர்கள்தான். அலுவலகத்தில் இருந்த யாருக்கும் முன்னதாக, "ஐயா, அந்த நிரையில கொழுந்து கொப்பளிக்குது" என்று காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்திலேயே சொல்லிவிடுவார்கள். தினமும் விரல் படும் செடி அது. உங்கள் தொட்டியையும் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு டோர்ச் ஒன்றோடு பாருங்கள். பகலில் ஒளிந்திருப்பதெல்லாம் அப்போது நடமாடும்.

இரவில் பார்ப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. செத்த இழையத்தின்மேல் முள்ரோமப் புழு ஒன்று படுத்திருப்பதைக் கண்டு, "கொலைகாரன் அகப்பட்டான்" என்று எழுதுவீர்கள். பெரும்பாலும் அவன் பிணம் தின்ன வந்தவன். முள்ரோமப் புழுக்களில் பவளத்தைத் தின்னும் நெருப்புப் புழுக்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொட்டியில் சாதாரணமாகக் காண்பவை அழுகலைத் தின்று இடத்தைத் துப்புரவாக்குபவை. விரல் நகமளவுகூட இல்லாத சின்ன நட்சத்திர மீன்கள்மேலும் இதே பழிதான் விழுகிறது. சம்பவ இடத்தில் இருந்ததற்காக ஒருவரைத் தூக்கில் போடாதீர்கள். உயிருள்ள இழையத்தின்மேல் ஏறி, அது இருந்த இடமெல்லாம் மறுநாள் புதிதாக வெறுங்கூடு தெரிந்தால்தான் அது குற்றவாளி.

எங்கள் துளைவண்டு இன்னும் வேடிக்கை. தேயிலைக் கிளையில் சின்னத் துவாரம் போட்டு உள்ளே சுரங்கம் வெட்டும். மரத்தைத் தின்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். அது மரத்தைத் தின்பதே இல்லை. தன்னோடு கொண்டுவந்த பங்கசைச் சுரங்கச் சுவரில் பயிரிட்டு, அந்தப் பங்கசைத்தான் தானும் குஞ்சும் தின்னும். ஆனாலும் கிளை முறிந்து விழுவது நமக்குத்தான்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். இந்த வண்டுக்காகத்தான் அது நடந்தது.

தேயிலையில் டோர்ட்ரிக்ஸ் என்று ஒரு புழு. இரண்டு இலையை நூலால் ஒட்டிக்கொண்டு நடுவில் இருந்து தின்னும். 1930களில் அது மலைநாட்டுத் தோட்டங்களை ஆட்டிப்படைத்தது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று வெளிவரும். சில ஆண்டுகளில் டோர்ட்ரிக்ஸ் அடங்கிவிட்டது. உலகமே மேற்கோள் காட்டும் உயிரியல் கட்டுப்பாடு அது. 1950களில் துளைவண்டுக்கென்று டீல்ட்ரின் அடித்தார்கள். மருந்து வண்டைக் குறைத்தது. கூடவே குளவியையும் கொன்றது. இருபது வருடமாக வாயைத் திறக்காதிருந்த டோர்ட்ரிக்ஸ் மறுபடி கிளம்பி மலைகளை மொட்டையாக்கியது. கடைசியில் டீல்ட்ரினைத்தான் கைவிட வேண்டி வந்தது. எங்கள் ஊர் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை. எந்த மருந்தைச் சிபாரிசு செய்வதற்கு முன்பும் அது வேறு யாரைக் கொல்லும் என்று பார்ப்பது பிறகு அங்கே வழக்கமாகிவிட்டது.

உங்கள் சிவப்புப் பூச்சிக்கு வருவோம். அக்ரோபோராவின்மேல் மணல் துகளைவிடச் சிறிதாக, மஞ்சள் உடம்பில் ஒரு சிவப்புப் பொட்டோடு ஓடும் இறால் இனத்துச் சின்னஞ்சிறு உயிர் அது. அது வந்தால் பவளத்தின் நிறம் மங்கும், உணர்கொம்பு வெளியே வராது. அதற்கு நாய்களுக்கு இதயப் புழுவுக்காகக் கொடுக்கும் மில்பெமைசின் மாத்திரையைக் கரைத்துத் தொட்டி முழுக்க ஊற்றுகிறார்கள். பூச்சி சாகும். இறாலும் நண்டும் கூடச் சாகும், அவையும் ஒரே இனத்துச் சொந்தங்கள்தானே. போசிலோபோராப் பவளத்தின் கிளைகளுக்குள் குடியிருக்கும் டிரபீசியா நண்டு முட்கிரீட நட்சத்திர மீன் வந்தாலே அதன் கால்களைக் கிள்ளி விரட்டும் என்று 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள். வீட்டுக் காவல்காரனையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, திருடனைப் பிடித்தேன் என்கிறீர்கள். தட்டைப் புழுவை ஆறுகோட்டு ராஸ் மீனும் ஒருவகை இறாலும் தின்று குறைப்பதை ஆஸ்திரேலியாவில் சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். அடியோடு ஒழிக்காது, ஆனால் அடக்கி வைக்கும். எங்கள் குளவி செய்த வேலையும் அதுதான். மருந்துதான் வழி என்றால் பவளத்தை வெளியே எடுத்து, வேறு வாளியில் முக்குங்கள். தொட்டிக்குள் ஊற்றுவது கடைசி வழி.

இமிடாக்ளோபிரிட் கலந்த தோட்ட மருந்தில் பவளத்தை முக்குகிறோம் என்று சிலர் எழுதியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் கையுறை, பூட்ஸ், முகமூடி என்று போட்டுக்கொண்டு தொட்ட சாமான். வேலை செய்கிறது என்கிறீர்கள், செய்யலாம். சமையலறை வாளியில் வேண்டாம், வெறுங்கையால் வேண்டாம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் தொட்டிக்குள் போட வேண்டாம், மிச்சத்தை வடிகாலில் கொட்ட வேண்டாம்.

பெயர் தெரியாமலே போகும் நோயும் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்தில் கற்பவளங்களில் ஒரு இழைய அழிவு தொடங்கியது. புளோரிடாவின் பவளத் திட்டுகள் முழுக்கப் பரவி, பிறகு கரீபியன் தீவுகளுக்கும் போய்விட்டது. இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைப் பிடித்தது. கிருமி இன்னதென்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அங்கே சும்மா இருக்கவில்லை. எந்த இனம் முதலில் விழுகிறது, எந்த இனம் பிறகு, கோடு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று குறித்தார்கள். அமோக்சிசிலின் கலந்த பசையை அந்தக் கோட்டின்மேலேயே பூசினால் சில இனங்களில் அழிவு நிற்கிறது என்று கண்டார்கள். நோய் எட்டாத பவளங்களை முன்கூட்டியே கடலிலிருந்து எடுத்து, உள்நாட்டு நீர்க்காட்சியகங்களில் விதைப் பவளமாக வைத்திருக்கிறார்கள். இப்படிக் காரியத்துக்கு உதவுவது பார்த்துக் குறித்ததுதான்.

எங்கள் மலைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் தெரிந்தபோது, காலநிலை, மண், வயதான செடி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் கண்ணாடிச் சில்லுகளை வைத்துக் காற்றில் வரும் வித்துகளைப் பிடித்து, இது இலைக்கு இலை பரவும் பங்கசு என்று காட்டினார். அதற்குள் கோப்பியைக் காப்பாற்றும் காலம் போய்விட்டது. அந்தக் கோப்பி மலைகளில்தான் பிறகு தேயிலை ஏறியது.

ஒரு தம்பி, விடுமுறைக்கு வரும்போது திருகோணமலையிலிருந்து ஒரு சின்னப் பவளத் துண்டு எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. கற்பவளங்கள் இலங்கையில் சட்டத்தால் காக்கப்பட்டவை, இந்தியாவிலும் 2001இலிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அனுமதிப் பத்திரமில்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டக் கூடாதவை. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் பவளம் கூட்டம் கூட்டமாகச் செத்தது. மிஞ்சியதிலிருந்து ஒரு கிளையை முறித்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். வளர்த்து விற்பவர்களிடம் வாங்குங்கள், வாங்கியதையும் ஆறு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் பெயர் வந்த தொட்டிப் பூச்சிகளெல்லாம் கடையிலிருந்து காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவைதான்.

இனிமேல் எனக்கு அனுப்புவதென்றால் இப்படி அனுப்புங்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கு நாங்கள் மாதிரி கொண்டுபோனால், முழுக்கக் கருகிய செடியை எடுத்து வராதே, பாதி நோயும் பாதி நலமுமாக உள்ளதைக் கொண்டு வா என்பார்கள். வேர்ப்புழு என்ற சந்தேகமென்றால் உணவு வேரும் அதைச் சுற்றிய மண்ணும் வேண்டும். எந்த நிரை, எப்போது கவ்வாத்து வெட்டியது, எப்போது உரம் போட்டது என்று ஒரு துண்டில் எழுதி வைக்க வேண்டும். நீங்களும் அந்த நீல விளக்கை முதலில் அணையுங்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாப் பவளமும் சினிமா நடிகை மாதிரித்தான் இருக்கிறது, நோய் தெரிவதில்லை. வெள்ளை வெளிச்சத்தில், எல்லைக்கோட்டைக் கிட்ட வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலோடு ஒரு படம். மறுநாள் அதே கோணத்தில் இன்னொன்று. பவளத்தின் அடிப்பக்கம் ஒன்று. கடைசியாக எந்தப் பவளத்தை எப்போது வாங்கினீர்கள், கடந்த பத்து நாளில் தொட்டியில் எதை மாற்றினீர்கள், காரத்தன்மையும் வெப்பமும் இன்று எவ்வளவு, போன வாரம் எவ்வளவு. இவ்வளவும் இருந்தால் பாதி நேரம் நீங்களே பதிலைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பேர்மிங்ஹாமிலிருந்து சுத்தியல் பவளத்தின் படம் அனுப்பிய தங்கைக்கு மட்டும் ஒரு அவசரம். அதன் தலைகளில் ஒன்றின்மேல் பழுப்புக் கூழ் படிந்து நாற்றமடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அது பழுப்புக் கூழ் நோய். நுண்ணுயிர்கள் மொய்த்துச் செத்த இழையத்தைக் கரைக்கின்றன, நீரோட்டத்தில் போய்ப் பக்கத்துத் தலையிலும் ஒட்டிக்கொள்ளும். பம்பை நிறுத்திவிட்டுக் கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடு, பீச்சி விடாதே. அந்தத் தலையைத் தண்டோடு வெட்டி எடு, மீதியை அயடீன் கலந்த உப்புநீரில் முக்கித் தனியே வை. என் பதிலுக்குக் காத்திருக்காதே, இன்றைக்கே செய். நாளைக்குக் காலையில் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
மாமா
தலவாக்கலை